கல்லடி வீட்டுப் பழைய கணினி

2009இல் வாங்கிய எங்கள் மேசைக் கணினியை, விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14இல் நிறுத்தப்பட்ட பின்னர், துணியால் மூடி மூலையில் வைத்திருந்தோம். அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திறந்து பார்த்தபோது, மட்டக்களப்புக் கல்லடியின் உப்புக்காற்றால் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. தூசியைத் தூரிகையால் அகற்றி, நினைவகத் தகட்டின் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, கணினி தேதியை மறப்பதற்குக் காரணமான சிஆர்2032 என்ற நாணய வடிவப் பற்றரியையும் மாற்றினேன். ஆயினும் உண்மையில் அதற்கு உயிர் கொடுத்தது, வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்திய எஸ்எஸ்டி என்ற சில்லுச் சேமிப்பகம்தான். பழைய வன்தட்டில் சுழலும் தட்டின்மீது முனை நகர்ந்து தகவலைத் தேட வேண்டும், எஸ்எஸ்டியிலோ அசையும் பாகமே இல்லை என்பதால் அந்தத் தாமதம் நீங்கிவிடுகிறது. அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, குறைந்த நினைவகத்திலும் இயங்கும் எக்ஸ்எஃப்சிஈ என்ற திரை முகப்புடன் நிறுவினேன்.

இப்போது அது பிள்ளைகளின் வாசிப்பு மேசை. இணையமின்றி வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற செயலி மூலம் இறக்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டத்திலிருந்து எடுத்த பழைய இதழ்களும் இணையமின்றியே திறக்கின்றன. மருமகள் தட்டச்சும் பழகுகிறாள். குடும்பப் படங்களின் ஒரு பிரதியையும் அதில் வைத்திருக்கிறேன். பழைய இயந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதால், மற்றொரு பிரதி வெளி வன்தட்டில் இருக்கிறது. இந்தக் கணினி மின்சாரத்தை அதிகம் இழுப்பதால், மாலையில் மட்டுமே அதை இயக்குகிறோம்.