ஸ்க்ரூ கிளிப்பை எடுத்துவிட்டு ஸ்பிரிங் கிளிப்புக்கும் காது கிளிப்புக்கும் வந்த கதை

நாலு நாளாக வண்டிக்கு அடியில் விரிக்கிற அட்டை காய்ந்தே கிடக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட்டின் பச்சைச் சொட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டு மாதமாக மல்லுக்கட்டியது இதற்குத்தான் என்பதால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது குன்னூரில். வாரத்துக்கு இரண்டு முறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற பழைய பெட்ரோல் வண்டி. ரேடியேட்டர் மாற்றியபோது கீழ் ஹோஸில் (கூலண்ட் ஓடுகிற ரப்பர் குழாய்) இருந்த, தானே இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, திருகி இறுக்குகிற பட்டையான ஸ்க்ரூ கிளிப் போட்டேன். ஸ்க்ரூ என்றால் வேண்டிய அளவுக்கு நாமே இறுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் போடலாம் என்ற நினைப்பு. மலை ஏறி வந்து சூட்டோடு பார்த்தால் ஒரு கசிவும் இல்லை. விடிந்து பார்த்தால் அட்டையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். அரைச்சுற்று இறுக்கினேன், நின்றது. பத்து நாளில் திரும்பவும் ஈரம். மறுபடி அரைச்சுற்று. மூன்றாவது முறை கழற்றிப் பார்த்தபோது பட்டையில் இருக்கிற வரிவரியான வெட்டு அப்படியே ஹோஸ் மேல் பதிந்திருந்தது. ஓரத்தில் ரப்பரே அறுபட ஆரம்பித்துவிட்டது. புது ஹோஸ், மனசு கேட்கவில்லை.

காரணம் எளிதுதான், எனக்குப் புரியத்தான் நாளானது. எஞ்சின் சூடானால் ரப்பரும் ஹோஸ் மாட்டுகிற ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தும் விரியும். ஸ்க்ரூ கிளிப் விட்டுக்கொடுக்காது, அதனால் நடுவில் மாட்டிய ரப்பர் நசுங்கி அப்படியே நின்றுவிடும். ராத்திரி குளிரில் எல்லாம் சுருங்கும்போது கிளிப் கூடவே சுருங்கி வராது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் கூலண்ட் இறங்குகிறது. ஸ்பிரிங் கிளிப்போ, ஹோஸ் பெருத்தால் கூடவே விரியும், ஹோஸ் சுருங்கினால் பின்னாலேயே வந்து பிடிக்கும். புது ஹோஸ் ஒன்று வாங்கி, பழைய ஸ்பிரிங் கிளிப்பையே மாட்டினேன். அட்டை காய்ந்தது அதற்கப்புறம்தான். பழைய ஹோஸிலேயே திரும்ப மாட்டுகிறவர்கள் கிளிப்பை முன்பு இருந்த தடத்திலேயே உட்கார வையுங்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் தடத்தின் விளிம்பில் ஏறி நிற்கும்.

சரி, காது கிளிப்புக்கு வருகிறேன். இதே சமயத்தில் இடது ஆக்ஸிலின் (வீலைச் சுற்ற வைக்கிற தண்டு) வெளிப்பக்க பூட், அதாவது மூட்டின் கிரீஸை மூடி வைக்கிற ரப்பர் உறை, கிழிந்து, வீலின் உட்பக்கம் முழுக்க கிரீஸ் அடித்துவிட்டது. ஆக்ஸிலைக் கழற்றியது, பழைய கிரீஸை வழித்துத் துடைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. பூட்டின் சின்ன வாயில் போடுகிற காது கிளிப்தான் என்னைப் படுத்தியது. பட்டை வளையத்தில் காது மாதிரி ஒரு மடிப்பு துருத்தி நிற்கும், அதை நசுக்கினால் வளையம் இறுகும். ஒருமுறை நசுக்கினால் முடிந்தது, பிரித்துப் போட முடியாது.

முதல் கிளிப்பை கட்டிங் பிளேயரால் நசுக்கினேன். வாயின் கூர் காதில் பட்டு ஒரு பக்கம் வெட்டிக்கொண்டது. கிளிப் போச்சு. இரண்டாவதற்கு தச்சுவேலைக் குறடை எடுத்து, வாயின் இரண்டு கூரையும் அரத்தால் தேய்த்து மழுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். காதின் மேல் முனையை விட்டுவிட்டு அடிக்கால் இரண்டையும் பிடிக்க வேண்டும். ஒரே அமுக்கில் முடிக்காமல் கொஞ்சம் அமுக்கி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி அமுக்கினால் இரண்டு காலும் சமமாக நெருங்கி வரும். உச்சியில் லேசான மேடு நிற்கும், அது சரிதான். நசுக்குவதற்கு முன் மழுங்கிய கம்பியால் பூட்டின் வாயைத் தூக்கி உள்ளே இருக்கிற காற்றை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பூட் பலூன் மாதிரி உப்பியோ, உள்ளே உறிஞ்சியோ நின்றுவிடும்.

இரண்டாவது கிளிப் அழகாக மூடியும் பிடி இல்லை, கையால் திருப்பினாலே பூட் சுற்றியது. அங்கேதான் கணக்கைப் பிடித்தேன். காதின் உள் அகலம் 10 மி.மீ. என்றால், முழுக்க மூடினாலும் சுற்றளவில்தான் அந்த 10 குறையும். விட்டத்தில் குறைவது 3 மி.மீ. சொச்சம், அவ்வளவுதான். ஸ்க்ரூ கிளிப் மாதிரி எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்காது. பூட்டை ஆக்ஸிலில் மாட்டி, மேலே வெர்னியர் வைத்து அளந்து, அதற்குச் சற்றே பெரிய கிளிப் எடுக்க வேண்டும். மூன்றாவது கிளிப்பை அப்படி எடுத்தேன். ஒரே முயற்சியில் கல் மாதிரி பிடித்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது, கிரீஸ் ஒரு பொட்டு வெளியே வரவில்லை.

அங்கே ஸ்க்ரூ கிளிப் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். ஆக்ஸில் சுற்றுகிற பொருள். ஸ்க்ரூ பெட்டி ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், பக்கத்தில் எதிலாவது இடிக்கலாம். அது போக, சின்ன விட்டத்தில் அந்தப் பெட்டிக்கு அடியில் பட்டை வட்டமாகப் படியாது, அந்த இடத்தில் பிடியே இருக்காது. பூட்டை அடிக்கடி கழற்றப் போவதும் இல்லை. அதனால் ஒருமுறை கிளிப் என்பது இந்த இடத்தில் நஷ்டமே இல்லை.

ஸ்க்ரூ கிளிப் மேல் எனக்கு விரோதம் கிடையாது. 1921-இல் இங்கிலாந்தில் லம்லி ராபின்சன் காப்புரிமை வாங்கிய சாதனம், நூறு வருஷம் தாண்டியும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வழியில் காப்பாற்றுகிறது. ஏர் ஃபில்டர் குழாய்க்கு இன்னமும் அதுதான் போடுகிறேன், டிக்கியில் இரண்டு அளவு எப்போதும் கிடக்கும். வாங்கும்போது மேலே உள்ள எழுத்தைப் பாருங்கள். டபிள்யூ2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், ஸ்க்ரூ அப்படி இல்லை, துருப்பிடிக்கும். மலை ஈரத்துக்கு முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸான டபிள்யூ4தான் சரி.

காது கிளிப் கிடைப்பதுதான் பாடு. கோயம்புத்தூரில் நாலு கடை ஏறினேன். "அண்ணே, இது ஒத்தையா கிடைக்குமா?" என்றால், "தனியா வராது சார், பூட் கிட்டோடதான் வரும்" என்கிறார்கள். கடைசியில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பல அளவு கலந்த பாக்கெட் ஒன்றை நண்பர் வாங்கி அனுப்பினார். அதில்தான் எனக்கு வேண்டிய அளவு இருந்தது.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு இருபது வயசு ரப்பரை நம்ப முடியவில்லை, எத்தனாலைத் தாங்குகிற ஆர்9 தரத்து ஹோஸ் சொல்லியிருக்கிறேன். அதற்கு வெட்டு இல்லாத வழவழப்பான பட்டை, ஓரம் மேலே மடிந்த, நட்டு போல்ட் வைத்த கிளிப்தான் போடப்போகிறேன். ஆனால் வலது பூட்டின் மடிப்பில் நேற்று மெல்லிய வெடிப்பு பார்த்தேன். அதை முதலில் முடிக்க வேண்டும். பாக்கெட்டில் அந்த அளவில் இன்னும் இரண்டு கிளிப் மிச்சம், குறடும் தயார். கிட் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸிலை இறக்குகிறேன்.