டிபி மாத்திரை தின்று தீராத காய்ச்சல்

இரண்டு நாளாக விடாத மழை, கூடவே பேய்க்காற்று. அதில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து எதுவும் தெரியாததால் அதைத் தூக்கிவிட்டேன், முன்னால் போன லாரி அடித்த சேற்றுச் சாரல் முழுக்க என் முகத்தில்தான். ஐந்தாம் நாள் குளிரோடு காய்ச்சல் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

முதலில் நிமோனியா என்று ஊசி போட்டார்கள், காய்ச்சல் அசையவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல். எடை 7 கிலோ குறைந்திருந்தது, எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை வேறு. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்றுதான் ரிப்போர்ட் வந்தது, ஆனாலும் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். இரண்டு வாரம் கழித்தும் ராத்திரியானால் போர்வை நனைகிற அளவுக்கு வியர்வை.

அப்புறம் வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே சளி, இரத்தம் இரண்டையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் எதுவும் வளரவில்லை, சளியில் 'சூடோமோனாஸ் வகை' பாக்டீரியா என்று வந்தது. பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடுமாம், ஏதோ கலப்படக் கிருமி என்று ஒதுக்கிவிடுவார்களாம். என் அதிர்ஷ்டம், தொற்றுநோய் டாக்டர் அந்தத் தாளை விடவில்லை. ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி, அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் ஏன் அடங்குகிறது என்று ஆய்வகத்துக்கே போன் போட்டார். பிறகு என்னிடம், "சேற்றில் இறங்கி வேலை செய்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "சரி, காய்ச்சலுக்கு முந்தின வாரம் புயல் மழையில் வெளியே இருந்தீர்களா?"

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். 'சூடோமோனாஸ் வகை' என்று ரிப்போர்ட்டில் வந்தது உண்மையில் இதன் கிருமிதான். மறந்துவிடுவேன் என்று பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். கிருமி மண்ணில் வாழ்வது, மழையில் மேல்மண்ணுக்கு வருகிறது. வழக்கமாகத் தோலில் இருக்கும் காயம் வழியாக நுழையும், ஆனால் பலத்த காற்றும் மழையும் சேரும்போது நுண்ணிய திவலைகளில் ஏறி மூச்சோடு நேரே நுரையீரலுக்கே போய்விடும். அந்தப் பயணத்தில்தான் தொற்றியது என்று நிரூபிக்க வழியில்லை, நாள் கணக்கு மட்டும் பொருந்துகிறது. சர்க்கரை உள்ளவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக அரிது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் மனைவி நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டாள். 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற மருத்துவர்கள் கண்டறிந்த நோயாம் இது. நூறு வருடத்துக்கு மேல் பழசு, எனக்கு டிபி மாத்திரை எழுதியவருக்கு நினைவுக்கே வரவில்லை!

கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், நல்லவேளை இல்லை. செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள். காய்ச்சல் உடனே இறங்கும் என்று காத்திருந்து ஏமாந்தேன். ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம், அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான்காம் நாள் அவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன். ஊசிக்குழாய் போட்ட இடம் வீங்கி வீங்கி, கடைசியில் இரண்டு கையிலும் நரம்பு தேடி நர்ஸ்கள் அலுத்துப்போனார்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. இதுதான் பொறுமையைச் சோதித்தது. உடம்பு தேறிவிட்டது, எடை ஏறிவிட்டது, ஆனால் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். சிறுநீரகம், பொட்டாசியம், இரத்த அணுக்கள் என்று அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேறு. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதால், நாட்காட்டியில் கோடு போட்டு ஒரு வேளை கூட விடாமல் முடித்தேன்.

முடித்து இரண்டு மாதத்தில் மறுபடி இருமல். அந்தத் தடவை வெறும் ஜலதோஷம்தான், ஆனாலும் சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.