ஊசி குத்திய இரவும் 28 மாத்திரைகளும்

இரவு பதினொன்றே கால். பெரியவர் ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டேன். இடது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. பயன்படுத்திய ஊசியை மூடக் கூடாது என்று நர்சிங் படிக்கும்போதே சொல்லித் தந்ததுதான். ஊசி வெட்டும் கருவி வார்டின் அந்தக் கோடியில் இருந்தது, கை பழக்கத்தில் மூடியைத் தேடிவிட்டது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு மெல்லப் பரவியது.

அவர் பார்த்துவிட்டார். மகனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, "பாப்பா, நான் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுறவன். இப்பவே டாக்டரைப் பாரும்மா" என்றார். ஏ.ஆர்.டி. என்றால் எச்.ஐ.வி.க்கான மருந்து. எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அவர் எனக்காகச் சொன்னார்.

விரலைப் பிதுக்கவில்லை, வாயில் வைக்கவில்லை. ஸ்பிரிட்டும் தொடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரவுப் பணி மருத்துவரோ, "காலையில் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிருமி உடம்பில் வேரூன்றும் முன்பே மருந்து உள்ளே போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்கவே மாட்டார்கள். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனேன். முதல் மாத்திரையை விழுங்கியபோது மணி 12.40.

மறுநாள் அங்கேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் என் ரத்தத்தைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று வந்தது. ஆனால் அது நேற்று வரைக்குமான பதில்தான். இப்படிக் குத்துப்பட்டால் ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்றும், அந்தப் பெரியவர் ஒழுங்காக மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் குறைவு, ஆனாலும் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் ஆலோசகர். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் இரவு ஒன்பது மணிக்கு. நான் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதைக் கேட்டதும் அதை மதியத்துக்கு மாற்றச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராதாம். முடிவு தெரியும்வரை ஆணுறை அவசியம், ரத்த தானம் கூடாது. பிள்ளையைத் தூக்கலாமா, முத்தம் கொடுக்கலாமா என்று கேட்டேன். எத்தனையோ பேருக்கு நானே பதில் சொன்ன கேள்விதான். "தாராளமாகக் கொடும்மா" என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக மனசு வந்தது.

முதல் வாரம் குமட்டல், தூக்கமின்மை. அப்புறம் பழகிவிட்டது. கணவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். ஒன்பது மணியானால் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பார்.

ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என மூன்று தடவையும் 'இல்லை' என்றே வந்தது. இடையில் அந்தப் பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். தன் ரிப்போர்ட்டை நீட்டாமல் என் விரலைத்தான் முதலில் பார்த்தார்.