கால் மாத்திரை

ஜூன் 4
தூக்க மாத்திரையைக் குறைக்க இன்னைக்கு முதல் படி. 0.5 மில்லிகிராம் போய் 0.375. கால் மில்லிகிராம் மாத்திரை முழுசா ஒண்ணு, பாதியா ஒண்ணு. இவங்க ஷேவிங் பிளேடு வச்சு வெட்டினேன். ஒரு பாதி நல்லா வந்துது, மத்தது பொடிஞ்சு மேஜையில சிதறிட்டு. விரல்ல ஒத்தி நக்கினேன். 58 வயசு எனக்கு.

பாத்ரூம் லைட்டை அணைக்கல.

ஜூன் 5
பொட்டுத் தூக்கம் இல்ல.

ஜூன் 6
மணி 2.10. வைக்கோல் லாரி ஒண்ணு புளியரைப் பக்கமா முனகிக்கிட்டுப் போகுது. கேரளத்து மாடெல்லாம் சாப்பிட்டுத் தூங்கும். இவங்க குறட்டையைக் கேட்டா பத்திக்கிட்டு வருது.

புனலூர் டாக்டர் சொன்னதையே நினைச்சுக்கிட்டுக் கெடக்கேன். "பேடிக்கண்டா அம்மே. குறைச்ச உடனே தூக்கம் இன்னும் கெடும், பழைய சீக்கு திரும்பிட்டுன்னு நினைக்காதீங்க. ஆனா சட்டுனு மட்டும் நிறுத்திராதீங்க, வலிப்பே வரலாம்." பயப்படாதேன்னுட்டு வலிப்பைச் சொல்லுது அந்தப் பிள்ள!

ஜூன் 9
அரிசி டிரம்முக்குள்ள பழைய அட்டை இருக்கான்னு பாத்தேன். இருக்கு. ஒன்பது மாத்திரை.

ஜூன் 11
மெடிக்கல்ல சீட்டு கேட்டான். நோட்டுல என் பேரு, டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு எழுதினான். அட்டையில சிவப்புக் கட்டம் போட்டது எல்லாத்துக்கும் 2014-லிருந்தே இந்த நோட்டு உண்டாம். 2015-லிருந்து நான் பழைய கடையில "வழக்கமானது"ன்னு சொல்லித்தான் வாங்கிக்கிட்டு வந்தேன். ஒரு சீட்டு காட்டினதில்ல. அந்தத் தம்பி சிரிச்ச முகமா எடுத்துத் தருவான். அன்னைக்கு அது உபகாரமாத்தான் இருந்துது.

இப்போ புதுச் சட்டம் வீட்டுல: தூக்கம் சொக்கினாத்தான் கட்டில். எட்டரைக்கே படுத்துப் பழகின நான் பதினொன்னரை வரைக்கும் திண்ணையில. எப்போ தூங்கினாலும் அஞ்சரைக்கு எந்திரிக்கணும். மத்தியானம் கண்ணசரக் கூடாது. மைனி வந்து, "யாருக்குக் காவல் இருக்கே?"ங்கா.

ஜூன் 14
சாரல் எறங்கிட்டு. குண்டாறுப் பக்கம் மலையே தெரியல. நாலு மணி நேரம்! கனவு கூட வந்துது. அவியல் வச்சேன்.

ஜூன் 18
0.25. வெட்ட வேண்டாம், முழு மாத்திரை. பிளேடைத் திருப்பிக் குடுத்தப்போ இவங்க ஒண்ணும் சொல்லல.

ஜூன் 19
கை நடுக்கம். டம்ளர் கிணுகிணுங்குது. யார் பேசினாலும் எரிச்சல்.

ஜூன் 20
அம்மாவுக்கும் இதே மாத்திரைதான். நான்தான் என் அட்டையிலிருந்து பிச்சுக் குடுத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருக்கா, லைட்டு போடல. இடுப்பெலும்பு. வயசானவங்களுக்கு இது கால் தடுமாற வைக்கும்னு டாக்டர் இப்போ சொல்லுது. அந்த ரப்பர் செருப்பு ஒண்ணு மட்டும் வாளிக்குப் பின்னாடி

ஜூன் 23
மணி 3.40. ரயில் கூவுது. டிரம்மைத் திறந்தேன், எடுக்க இல்ல, சும்மா எண்ண. ஏழு.

நான் தொடல. இவங்க குறட்டை.

ஜூன் 26
இன்னும் கேக்கல.