எந்தப் பெட்டியைத் திறப்பது?

"அப்படியானால் நான் துறைமுகத்தில் எந்தப் பெட்டியைத் திறப்பது?" என்று அந்தத் தாவரத் தொற்றுத்தடுப்பு உத்தியோகத்தர் கேட்டார். "எல்லாவற்றையும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தம்மிடம் பரிசோதகர்கள் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றார். ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அந்த உரையாடல் என்னை விட்டபாடில்லை. என் பதில் பிழையென்று இன்றும் நான் கருதவில்லை. அதைச் சொன்ன வேகந்தான் உறுத்துகிறது.

2003 ஆம் ஆண்டு கென்யாவில் முதன்முதலாகப் பிடிபட்டு, மிகக் குறுகிய காலத்தில் ஆபிரிக்காவின் மேற்குக் கரை வரை மாந்தோப்புகளுக்குள் புகுந்துவிட்ட பழ ஈயைப் பற்றிய கூட்டம் அது. அதே தோற்றமுடைய ஈ இலங்கையிலும் கிடைத்திருந்தது. அதனால், 2005 இல் அதற்குப் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட காலத்திலிருந்தே எல்லாருடைய பார்வையும் எங்கள் தீவின் பக்கம் திரும்பியிருந்தது. நாங்கள் செய்த மைக்ரோசாட்டலைட் பகுப்பாய்விலும் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும் முறை), கைவசம் இருந்த சில ஆசிய மாதிரிகளுள் இலங்கையினுடையவையே ஆபிரிக்க ஈக்களுக்கு நெருங்கி நின்றன. உத்தியோகத்தர் கேட்டது அந்த அளவுக்குத்தான்: மூலம் இலங்கை என்று ஒரே வரி. நான் அந்த வரியின் பின்னால் மூன்று எச்சரிக்கை வாக்கியங்களைத் தொங்கவிட்டேன். அவற்றுள் ஒன்றையாவது எடுத்துவிட முடியுமா என்று அவர் மரியாதையாகக் கேட்டார், நான் மறுத்தேன். இறுதியில் அறிக்கையின் சுருக்கத்தில் "மூலம்: ஆசியா" என்று மட்டும் அச்சாயிற்று. அது யாருக்கும் பயன்படாத வரி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. கணினி நிரல், நாம் கொடுத்த தொகுதிகளுக்குள் எது நெருக்கமானது என்றுதான் சொல்லும். நாம் கொடுக்காத தொகுதியைப் பற்றி அது வாய் திறக்காது. மியன்மாரிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ எங்களிடம் ஓர் ஈகூட இல்லாதபோது, இலங்கை நெருக்கமானது என்பதற்கு, இருந்தவற்றுள் அது நெருக்கமானது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதைவிட முக்கியமானது வேறொன்று. பழக்கூடையொன்றில் வந்த சில புழுக்களிலிருந்து பெருகிய கூட்டமென்றால், அரிய அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் வேறுபட்ட வடிவங்கள், வழியிலேயே தொலைந்து, மரபணு வேறுபாடு குறைந்திருக்க வேண்டும். ஆபிரிக்க ஈக்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. 2009 இல் வெளியான விரிவான ஆய்வும், அங்கே வேறுபாடு மிகுதி, இடத்துக்கிடம் பிரிவினை குறைவு, எண்ணிக்கைச் சுருக்கத்தின் தடயம் இல்லை என்றே காட்டியது. ஆகவே பெருந்தொகையாக ஒரு முறை வந்திருக்கலாம். பல இடங்களிலிருந்து பல முறை வந்து கலந்துமிருக்கலாம். இரண்டாவது வழி உண்மையானால், ஒரே ஊரின் பெயரைக் கேட்பதே பொருளற்றது. மாதிரிகளைப் பிடித்த பொறிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும்: அவற்றில் வைக்கும் மீத்தைல் யூஜினால் என்ற கவர்பொருளுக்கு வருபவை ஆண் ஈக்கள், அவையும் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து வருபவை. ஒரு பொறியில் விழுந்தவற்றை ஒரு தொகுதி என்று எண்ணிக்கொள்வது எங்கள் வசதிக்காகத்தான்.

இவ்வளவும் சரி. ஆனால் நான் யாழ்ப்பாணத்தவன் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஆண்டுதோறும் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் பழ ஈதான் என்பதால், அதன் மீது எனக்குத் தேசப்பற்று ஏதும் கிடையாது. ஆயினும் "மூலம் இலங்கை" என்ற வரி வெளியானால், அதைப் பிடித்துக்கொண்டு எந்த நாடு எங்கள் பழங்களுக்கு என்ன நிபந்தனை போடுமோ என்ற கணக்கு, அவர் கேள்வியை முடிக்கும் முன்பே என் மனத்தில் ஓடி முடிந்திருந்தது. அந்தக் கணக்குத்தான் "எல்லாவற்றையும்" என்று சொல்ல வைத்ததா, அல்லது எண்கள் சொல்ல வைத்தனவா என்பதை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சந்தேகம் வருவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு கதை, 1975 இல் தென்னமெரிக்காவின் சூரினாமில் முதன்முதலாகச் சேகரிக்கப்பட்ட விளிம்பிப்பழ ஈயுடையது. சூரினாமும் இந்தோனேசியாவும் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தவை, இந்தோனேசியாவின் சாவகத் தீவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே ஏராளம், ஆகவே பயணிகளின் பையில் இந்தோனேசியாவிலிருந்து போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். அங்கே "மாதிரி எடுக்கப்படாத தொகுதி" என்ற எச்சரிக்கை என் நாவில் வந்ததே இல்லை. போக்குவரத்து வரலாறு வலுவான சான்று என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்; சொல்லியும் பார்த்தேன். அந்த அறையில் இந்தோனேசியர் ஒருவர் அமர்ந்திருந்தால் நான் இவ்வளவு சரளமாகப் பேசியிருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

2015 இல் ஒரு பெரிய ஆறுதல் கிடைத்ததுபோல இருந்தது. உருவ அமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை என்று எல்லாச் சான்றுகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த பல நாட்டு அறிஞர்கள், இன்வேடன்ஸ் தனி இனமன்று, 1912 இல் தாய்வானிலிருந்து விவரிக்கப்பட்ட பாக்ட்ரோசெரா டோர்சாலிஸே என்று முடிவு செய்தார்கள். தாயகம் ஒரு தீவிலிருந்து விரிந்து ஆசியாவின் பெரும்பகுதியாயிற்று. அச்சான அந்தப் பயனற்ற வரி, பார்க்கப்போனால், சரியாகிவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டானது உண்மை. ஆனால் பெயர் மாறியதனால் ஈக்களின் முதுகு மாறவில்லை. செம்பழுப்பிலிருந்து கறுப்பு வரை மாறுபடும் அந்த நிறம், ஆபிரிக்க ஈக்களையும் தென்னாசிய ஈக்களையும் இன்னும் சேர்த்துத்தான் காட்டுகிறது. "இலங்கை" என்று எழுத மறுத்தது சரி. "தென்னாசியா" என்றாவது எழுதியிருக்கலாமே என்ற கேள்விக்கு என் மூன்று வாக்கியங்களில் பதில் இல்லை.

அந்த ஈயைப் பொறுத்தவரை அது பயன்பட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. கூட்டம் நடந்தபோதே அது கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருந்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. ஆனால் அவர் கேட்டது பரவிவிட்ட ஈக்காகத்தானா? தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பாக்ட்ரோசெரா சொனாட்டா என்ற இன்னொரு பழ ஈ ஏற்கெனவே எகிப்திலும் மொரீசியஸிலும் ரீயூனியனிலும் நிலைகொண்டுவிட்டது. அதுவும் இதே பாதைகளில் வரக்கூடியதுதான். நான்கு பேரை வைத்துக்கொண்டு அடுத்த ஈக்குக் காத்திருக்கும் ஒருவர், எந்தத் திசையிலிருந்து வரும் விமானத்தின் பயணப்பைகளை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். இதை நான் அப்போது அவரிடம் கேட்டுத் தெளிந்திருக்கலாம். என் முழுக் கவனமும், அந்த வரியில் எந்தப் பெயர் வராமலிருக்க வேண்டும் என்பதில் இருந்தது.