ஒரேயொரு எடுகோள், மிச்சமெல்லாம் விதிப்படி

உயர்தர வகுப்பில் தூய கணிதம் படித்த எவருக்கும் முரண்பாட்டால் நிறுவும் முறை மறந்திருக்காது. இரண்டின் வர்க்கமூலம் ஒரு விகிதமுறு எண் என்று முதலில் எடுத்துக்கொள்வோம். பிழையென்று தெரிந்துகொண்டேதான் எடுப்போம். அதன்பிறகு ஒரு வரியிலும் கள்ளம் செய்ய முடியாது. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் பின்னமாக அதை எழுதி, இருபுறமும் வர்க்கித்து, மேலே உள்ளது இரட்டை எண், அப்படியானால் கீழே உள்ளதும் இரட்டை எண் என்று நாலு வரி நகர்ந்தால், பொதுக் காரணியே இல்லை என்ற இரண்டும் இரண்டால் வகுபட்டு நிற்கும். அந்த இடத்தில் பின்வாங்கில் எவனாவது சிரிப்பான். கரும்பலகையில் ஒரு வரிகூடப் பிழையில்லை. ஆனால் வந்து சேர்ந்ததோ நடக்கவே முடியாத இடம்.

நகைச்சுவை விஞ்ஞான நாவல்கள் நம் காலத்து விஞ்ஞானப் பிரிவு மாணவரை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டன என்று இந்த மலருக்காக யோசித்தபோது எனக்குக் கிடைத்த விடை அந்தச் சிரிப்புத்தான். நல்ல நகைச்சுவை விஞ்ஞான நாவல் ஒரேயொரு பொய்யைத்தான் எடுகோளாகக் கேட்கும். மிச்சமெல்லாம் பௌதிகவியலின் விதிப்படியோ கந்தோரின் விதிப்படியோ நடக்கும்.

எண்பதுகளில் இவை கைக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று நூலகத்தின் ஆங்கில அலுமாரி. மற்றது பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற இடங்களில் வாங்கிய தமிழகச் சஞ்சிகைகளின் தொடர்கதைப் பக்கங்கள். ஆனந்த விகடனின் கம்பிகளைக் கத்தி முனையால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் பக்கங்களைப் பிரித்து, வாரவாரியாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து, காலிக்கோத் துணி ஒட்டி மட்டை போடுவார்கள். கோதுமை மாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலக்காவிட்டால் ஆறு மாதத்தில் பூச்சி முதுகை அரித்துவிடும். பின்பக்கத்தில் வேறொரு கதையின் பாதி இருக்கும். இதழ் வந்து சேராத வாரம் இருந்தால் கதையில் அந்த இடம் ஓட்டைதான். அப்படித் தைத்த புத்தகங்கள் வகுப்பு வகுப்பாகக் கை மாறின.

ஆதர் சி. கிளார்க் 1956 இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். அவரைக் கனமான எழுத்தாளர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1957 இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரொம் த வைற் ஹார்ட்' தொகுதியை வாசித்தால் அந்த எண்ணம் மாறும். லண்டன் மதுச்சாலையொன்றில் ஹரி பர்விஸ் என்பவர் அவிழ்த்துவிடும் விஞ்ஞானப் புளுகுகள் அவை. நாவலல்ல, சிறுகதைகள். ஆனாலும் இந்த வகையின் எலும்புக்கூட்டைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கதையில் சத்தத்தை அழிக்கும் கருவி வருகிறது. வரும் ஒலியலைக்கு நேர் எதிர்க் கட்டத்தில் இன்னோர் அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். நாம் பௌதிகவியலில் படித்த அலைத் தலையீடுதான். இன்றைய சத்தம் நீக்கும் ஹெட்போனும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. கிளார்க் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அழிந்த ஒலியின் சக்தி எங்கே போனது? கருவிக்குள் சேர்ந்துகொண்டே போகிறது, கடைசியில் வெடிக்கிறது. சக்திக் காப்பு விதி மனதில் பதிந்தவனுக்கு அந்த வெடிப்பு இரண்டு பக்கம் முன்னரே கேட்கும். வரப்போவது தெரிந்தும் சிரிக்க வைப்பதில்தான் எழுதுபவரின் திறமை இருக்கிறது.

இந்த வகையின் உச்சம் டக்ளஸ் அடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி' என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது முதலில் நாவலாகப் பிறக்கவில்லை. 1978 மார்ச் 8 ஆம் திகதி இரவு பிபிசி வானொலி 4 இல் ஒலிபரப்பாகத் தொடங்கிய நாடகம் அது. முதல் நான்கு அங்கங்களின் கதை 1979 ஒக்ரோபரில் நாவலாக வெளிவந்தது. வானொலியில் பிறந்ததால் அதற்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே வந்தன. பலம், அதன் வாக்கியங்கள் காதுக்காக எழுதப்பட்டவை. சிரிப்பு எப்போதும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் விழும். பலவீனம், கதை அங்கம் அங்கமாகத் தைக்கப்பட்டது. முதல் நாவல் திடீரென்று நின்றுபோவது பலருக்குக் குறையாகப் படுவதுண்டு. தவணை பலமுறை கடந்துவிட்டதால், எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை முடித்து அப்படியே தரும்படி பதிப்பாளர் கேட்டதாக அடம்ஸே சொல்லியிருக்கிறார். ஆகவே முதல் இரண்டு நாவல்களையும் ஒரே கதையாக, இடைவெளி விடாமல் வாசிப்பதே நல்லது.

தொடக்கத்தை அவர் கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆதர் டென்ற் என்ற சாதாரண மனிதரின் வீட்டை இடிக்கப் புல்டோசர் வந்து நிற்கிறது. மாற்றுச் சாலை போட வேண்டுமாம். வரைபடங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன என்கிறார் அதிகாரி. வைத்திருந்த இடமோ நிலவறை. வெளிச்சமில்லை, படிக்கட்டில்லை, பூட்டிய கோப்பலுமாரியின் அடித்தட்டு, அந்த அலுமாரி நிற்பது பாவனையற்ற கழிப்பறை, கதவில் சிறுத்தை இருக்கிறது கவனம் என்ற அறிவித்தல். இதுவரை விஞ்ஞானம் ஒன்றுமில்லை, வெறும் கந்தோர்க் கதை. சில பக்கங்கள் கழித்து வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலங்கள் வந்து பூமியை இடிக்கப் போவதாக அறிவிக்கின்றன. விண்வெளி மாற்றுச் சாலை போட வேண்டுமாம். வரைபடங்கள் அல்ஃபா சென்ரோரியில் உள்ள திட்டமிடல் அலுவலகத்தில் 50 ஆண்டுகளாக மக்கள் பார்வைக்கு இருந்தனவாம். அல்ஃபா சென்ரோரி இங்கிருந்து நாலு ஒளியாண்டுக்குச் சற்று அப்பால். சொல்லும் முறை, சாட்டு, அதிகாரியின் எரிச்சல் எதிலும் மாற்றமில்லை. அளவுத்திட்டம் மட்டும் மாறியிருக்கிறது. வரைபுத் தாளில் ஓர் அச்சின் அளவுத்திட்டத்தை மாற்றினாலும் வளைவு அதே வளைவாக இருப்பதை நாம் அறிவோம். மேசை மேசையாக அனுப்பப்பட்டு அலைந்த எவருக்கும் இந்த இரண்டாவது காட்சி சிரிப்போடு வலிக்கவும் செய்யும்.

போர்ட் பிரிஃபெக்ட் என்ற பாத்திரத்தின் பெயரும் நம் ஊர்க்காரருக்கு விளக்கமில்லாமலே புரியும். பூமிக்கு வந்த வேற்றுக்கிரகவாசி, சந்தேகம் வராத பெயர் என்று நினைத்துத் தெரிந்தெடுத்த பெயர் அது. 1938 முதல் 1961 வரை பிரித்தானியாவில் தயாரான காரின் பெயர். ஒஸ்ரின் ஏ40 உம் மொறிஸ் மைனரும் ஹயர் ஓடிய தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும் அந்தப் பகிடி அமெரிக்க வாசகரிடம் பெரும்பாலும் எடுபடவில்லை.

42 ஐப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வாழ்வு, பிரபஞ்சம், அனைத்தையும் பற்றிய கேள்விக்கு விடை காண ஒரு கணினி 75 இலட்சம் ஆண்டுகள் கணக்கிட்டு 42 என்கிறது. அந்த எண்ணுக்குள் மறைபொருள் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். சாதாரணமான, சின்னதான ஓர் எண் வேண்டியிருந்தது, தெரிந்தெடுத்தேன் என்று அடம்ஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார். பகிடி விகிதத்தில் இருக்கிறது: ஒருபுறம் 75 இலட்சம் ஆண்டு, மறுபுறம் இரண்டு இலக்கம். விடை பத்துப் பக்கச் சமன்பாடாக இருந்திருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அடுத்த படியும் விதிப்படியே வருகிறது. விடை இருக்கிறது, ஆனால் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை. கேள்வியைக் கண்டுபிடிக்க இன்னும் பெரிய கணினி வேண்டும், அதுதான் பூமி. ஒரு கோடி ஆண்டு ஓடவேண்டிய அது, முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மாற்றுச் சாலைக்காக இடிக்கப்படுகிறது. முதல் அத்தியாயத்து வெறும் வேடிக்கை இப்போது கதையின் தூணாகிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி திமிங்கிலம். நடக்க முடியாததை நடத்தும் இயந்திரம் ஒன்று ஆதரும் போர்டும் பயணிக்கும் விண்கலத்தில் இருக்கிறது. அதை இயக்கியதும், துரத்தி வந்த இரண்டு ஏவுகணைகளில் ஒன்று பெற்றூனியாப் பூச்சாடியாகவும் மற்றது திமிங்கிலமாகவும் மாறிவிடுகின்றன. நிலத்துக்குப் பல மைல் மேலே திடீரெனப் பிறந்த திமிங்கிலத்துக்குக் கிடைப்பது விழும் நேரம் மட்டும். 8 கிலோமீற்றர் என்று வைத்து, வளித்தடையை விட்டுவிட்டு, நாம் மனப்பாடம் செய்த இயக்கச் சமன்பாட்டில் போட்டால் ஏறத்தாழ 40 செக்கன் வரும். அதற்குள் அது தான் யார் என்று கேட்கிறது, தன் வாலைக் கண்டுபிடிக்கிறது, சுற்றிலும் இரையும் காற்றுக்குப் பெயர் வைக்கிறது, வேகமாக வந்துகொண்டிருக்கும் அந்தப் பெரிய தட்டையான பொருளுக்கும் பெயர் தேடி, அது தன்னோடு நட்பாக இருக்குமா என்று ஆசையோடு யோசிக்கிறது. சிரித்துக்கொண்டே வாசித்து முடிக்கும்போது தொண்டை அடைக்கும். அதற்குக் காரணம் திமிங்கிலத்தின் யோசனையில் பிழையே இல்லை என்பதுதான். புதிதாகப் பிறந்த எந்த அறிவும் அந்த ஒழுங்கில்தான் உலகைப் படிக்கும். பூச்சாடி நினைத்ததோ ஒரேயொரு சலிப்பு, திரும்பவுமா என்று. ஏன் திரும்பவும் என்பதற்கு விளக்கம் 1982 இல் வந்த மூன்றாவது நாவலில் கிடைக்கிறது. இயந்திரம் எதையும் எதுவாகவும் மாற்றலாம் என்ற எடுகோளை வைத்துக்கொண்டும், அந்த ஒரு வரிக்கு அவர் கணக்குத் தீர்த்திருக்கிறார்.

தமிழில் இந்தக் கட்டுப்பாட்டை நன்கு விளங்கிக்கொண்டவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர், இந்தியாவின் மின்னணு வாக்களிப்பு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' பயங்கரமான உலகம் ஒன்றைக் காட்டுகிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, பிள்ளை பெற அரசின் அனுமதி, இரண்டெழுத்துப் பெயர்கள். அந்த இருட்டுக்குள் ஜீனோ என்ற இயந்திர நாயை அவர் விடுகிறார். மனிதர் பயத்தில் வாயடைத்து நிற்கும்போது ஜீனோ புத்தகம் வாசிக்கிறது, கேள்வி கேட்கிறது. நாய் பேசுவது பகிடியல்ல. அங்கே பயமில்லாமல் நியாயம் பேசக்கூடியது அது ஒன்றுதான் என்பதே பகிடி. ஆட்சியின் பொய் முழுவதும் அதனால் வெளியே தெரிகிறது.

போலந்தின் ஸ்தானிஸ்லாவ் லெம் 1965 இல் வெளியிட்ட 'சைபீரியாட்' இன்னும் இறுக்கமானது. 'ந' ஒலியில் தொடங்கும் எதையும் செய்யும் இயந்திரம் ஒன்றை ஒரு பொறியியலாளர் கட்டுகிறார். அவரது நண்பரும் போட்டியாளருமானவர் இல்லாமையைச் செய்து காட்டச் சொல்கிறார். மூலத்தில் அந்தச் சொல்லும் அதே எழுத்தில் தொடங்குகிறது. இயந்திரம் சும்மா நிற்கும் என்று பார்த்தால், உலகிலுள்ள பொருட்களை ஒவ்வொன்றாக இல்லாமலாக்கத் தொடங்குகிறது. நிறுத்து என்று கத்தியபிறகு, போனவற்றைத் திருப்பித் தரும்படி கேட்கிறார்கள். தரமுடியாது, அவை வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. வானில் நட்சத்திரங்கள் இவ்வளவு ஐதாக இருப்பது அன்றிலிருந்துதான். ஒரு விதியை அணுவளவும் தளர்த்தாமல் பிரபஞ்சத்தையே பாதியாக்கும் இந்தச் சில பக்கங்களை, நிரலாக்கம் செய்யும் நம் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

இந்த வகையில் தோற்றுப்போன நூல்கள் ஏராளம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், இரண்டாவது எடுகோள். கதை சிக்கும்போதெல்லாம் புதிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தால் வாசகர் கணக்குப் போடுவதை விட்டுவிடுவார், சிரிப்பும் நின்றுவிடும். அடுத்தது, எல்லாப் பாத்திரங்களும் பகிடி விடுவது. தன் நிலைமை பகிடி என்று பாத்திரத்துக்கே தெரிந்தால் வாசகருக்கு வேலையில்லை. காலமும் சிலவற்றைத் தின்றுவிடும். டிஜிற்றல் கைக்கடிகாரத்தைப் பெரிய விசயமாக நினைக்கும் மனிதர் என்று அடம்ஸ் எழுதியபோது அந்தக் கடிகாரம் புதுமை. மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்களின் மணிக்கட்டில் அதைப் பார்த்து ஆசைப்பட்ட நமக்கு அந்த வரி சுடும். இன்று கனடாவில் பிறந்த பதினைந்து வயதுக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. சிறுத்தை அறிவித்தலோ இன்றும் அப்படியே நிற்கிறது.

அடுத்த மலருக்கு இப்படி ஒரு கதை எழுத விரும்பும் இளையவர்களுக்காக ஓர் எடுகோளைக் கடைசிவரை கொண்டுபோய்க் காட்டுகிறேன். பள்ளி மணியை அடித்தால் காலம் 10 நிமிடம் பின்னே போகும். அடித்தவருக்கு மட்டும் அது நினைவிருக்கும், அவர் உடம்பு மட்டும் பின்னே போகாது. முதலில் ஓட்டை தேடுங்கள். பின்னே போன 10 நிமிடமும் கழிந்ததும் மணியடிக்கும் நேரம் திரும்ப வரும், திரும்ப அடித்தால் திரும்பப் பின்னே போகும், பாடம் முடியவே முடியாது. எனவே இரண்டாம் தடவை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இப்போது மற்ற எல்லோருக்கும் தெரிந்தவரை மணி அடிக்கவே இல்லை. அதிபர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுப்பார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, ஒவ்வொன்றும் 10 நிமிடம், ஆகவே அவருக்கு மட்டும் 80 நிமிடம் கூடுதல். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்றால் 11 நாளுக்குச் சற்று மேல். முப்பது ஆண்டுச் சேவையில் 333 நாளும் 8 மணித்தியாலமும். அவ்வளவு முன்னதாக ஓய்வூதியம் கேட்டு அவர் கல்வித் திணைக்களத்துக்கு எழுதுவார். மணி அடித்ததற்குச் சாட்சி கேட்டுப் பதில் வரும்.

கதையை அந்தக் கடிதங்களில் நடத்துங்கள், 800 சொல்லுக்குள் வையுங்கள். மணியடிப்பவரைக் கோமாளியாக்க வேண்டாம், அவர் சொல்வது முழுக்க உண்மை. எழுதி முடித்ததும் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் இடைமறித்துக் கேள்வி கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எடுகோள் எங்கே நுழைந்தது என்று அந்தக் குறிகளே காட்டிவிடும்.