புது மினி டிராக்டர் இறக்கினவங்க கவனத்துக்கு

நீலகிரியில கேத்தி, தும்மனட்டி பக்கம் கேரட் தோட்டத்துக்குப் புது வண்டி எடுத்தவங்க, முதல்ல பிரேக்கைப் பாருங்க. இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனியா ரெண்டு பிரேக் பெடல் இருக்கும். ரெண்டுக்கும் ஃப்ரீ ப்ளே (பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம்) ஒரே அளவா இருக்கணும். வித்தியாசம் இருந்தா சரிவுல மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்; மலையில அதுதான் வண்டியைக் கவிழ்க்கும். ரோட்டுல ரெண்டு பெடலையும் சேர்த்து லாக் பண்ணித்தான் ஓட்டணும்.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்குற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. புது ரிம்முல பெயின்ட் நசுங்கி நட்டு தளரும், அதனால முதல் நாள் வேலை முடிஞ்சதும் மறுபடி இறுக்கணும். டயர்ல காத்து கூடுதலா இருக்கலாம், கேஜ் வச்சுப் பாருங்க. ஆயில் மட்டம் பாக்கச் சமதளம் வேணும். சாய்ஞ்சு நின்னா டிப்ஸ்டிக் தப்பாக் காட்டும்.

வண்டி 50 மணி நேரம் ஓடினதும் வர்ற சர்வீஸைத் தள்ளிப்போடவே வேணாம். கியருக்கும் பின்னாடி கருவியைத் தூக்குற ஹைட்ராலிக்குக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான், அதனால புது கியர் உரசி வர்ற இரும்புத் துகள் ஹைட்ராலிக் ஃபில்டர்லதான் சேரும். எஞ்சின் ஆயிலோட அந்த ஃபில்டரையும் கேட்டு மாத்துங்க.